பொருள்: புரோசஸர் மாற்றலாமா என்று கேட்டதற்கு விண்டோஸை அழித்துக் கொடுத்தது தொடர்பாக

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கேமிங் லேப்டாப்பில் இருக்கும் ஐ5-8400 புரோசஸரைக் கழற்றிவிட்டு ஐ7-8700 போடலாமா, போட்டால் வாரண்டி இருக்குமா? நான் கேட்டது இவ்வளவுதான். இதற்குப் பதில் தெரிந்தவர் உங்கள் கம்பெனியில் ஒருவர்கூட இல்லையா? லேப்டாப்பைச் செய்தது நீங்கள்தானே?

போனில் பேசியவர், "லேப்டாப் புரோசஸர் எல்லாம் போர்டோட சால்டர் பண்ணியிருக்கும், மாத்தவே முடியாது" என்றார். பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு அது சரிதான், ஐ7-8750எச் மாதிரி லேப்டாப்புக்கென்றே செய்த சிப் என்றால் நானே கேட்டிருக்க மாட்டேன். ஆனால் இந்த மாடலில் இருப்பது டெஸ்க்டாப் சிப், சால்டர் இல்லாமல் கழற்றி மாட்டக்கூடிய எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் இருக்கிறது, அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றீர்கள். இதே மாடலை ஐ7-8700 போட்டும் விற்றீர்கள். இரண்டும் 65 வாட் சிப், இரண்டிலும் 6 கோர், ஆனால் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள், அதாவது த்ரெட், ஐ5-இல் 6, ஐ7-இல் 12. பெரிய கேம்களில் என் புரோசஸர் 100 சதவீதத்தில் முட்டி நிற்க, கிராபிக்ஸ் கார்டு வேலையில்லாமல் காத்திருக்கிறது. இதைப் பொறுமையாக விளக்கியதற்கு அவர் சொன்னது: "வீடியோ பார்த்துட்டு வந்து எங்களுக்குக் கிளாஸ் எடுக்காதீங்க. வேகம் வேணும்னா புது லேப்டாப் வாங்குங்க." நான் பேசிக்கொண்டிருக்கும்போதே லைனைத் துண்டித்துவிட்டார்.

சாட்டில் வந்தவர் மரியாதையாகப் பேசினார், ஆனால் ஐ7-7700 வாங்கிப் போடச் சொன்னார். சாக்கெட் பெயர் ஒன்றுதான், ஆனால் என் சிப் 8-ஆம் தலைமுறை, அதற்கான 300 சீரிஸ் மதர்போர்டில் ஐ7-7700 மாதிரி 7-ஆம் தலைமுறை சிப் வேலை செய்யாது. அதில் 4 கோர்தான் வேறு. அவர் பேச்சை நம்பி வாங்கியிருந்தால் அந்தப் பணத்தை யார் தருவது?

சரி, நேரில் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள், கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்த ஜாப் ஷீட்டில் "புகார்: லேப்டாப் ஸ்லோ. செய்த வேலை: விண்டோஸ் மறு நிறுவல்." ஸ்லோ என்று நான் எப்போது சொன்னேன்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எஸ்எஸ்டியை மொத்தமாக அழித்திருக்கிறீர்கள். அதில் இருந்த எடிட்டிங் வேலை, சேவ் ஃபைல்கள், எல்லாம் போச்சு. என் பல வருட உழைப்பு அது, எந்தப் பணமும் ஈடாகாது. பின்பக்க மூடியில் ஒரு திருகாணியையும் காணோம், அந்த மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. கவுண்டரில் காட்டினால், "டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு, புதுசா போடுங்க" என்கிறார்கள்.

அந்த போன்காரர் பேசியது இன்னும் மனதை அறுக்கிறது. காசு கொடுத்து வாங்கியவனிடம் பேசும் பேச்சா அது? அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று நீங்கள்தானே ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள், எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

தயவுசெய்து இவற்றுக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள். என் லேப்டாப்பில் உள்ள பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) ஐ7-8700-ஐ ஏற்குமா, இல்லை புது பயாஸ் போட வேண்டுமா? ஐ7 மாடலுக்குக் கொடுத்ததும் இதே ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் பாகம்), இதே அடாப்டர்தானா? டர்போவில், அதாவது சிப் தானாக வேகத்தைக் கூட்டும்போது, 65 வாட்டைத் தாண்டி இழுக்கும் என்பதால் கேட்கிறேன். நீங்களே மாற்றித் தந்தால் அதற்கான கட்டணம் கொடுக்கத் தயார். அப்புறம், அனுமதியில்லாமல் டேட்டாவை அழித்ததற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

ஒரு வாரம் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் ஜாப் ஷீட், சாட் பதிவு எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன், இது வெறும் பேச்சில்லை. உங்கள் பொறியாளர் யாராவது பேசினால் நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்வேன். மறுபடி அதே ஆளைக் கூப்பிட வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்