முதல் முறை ட்ராக்கில் இறங்குபவருக்கு நீங்கள் அனுப்பும் அந்த ஒரு பக்கம்

ட்ராக் டே நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ட்ராக் டே, அதாவது பந்தயப் பாதையில் சொந்த பைக்கை ஓட்டிப் பார்க்கும் நாளுக்குப் பதிவு செய்த புதியவருக்கு நீங்கள் அனுப்பும் ஒரு பக்கக் குறிப்பைப் பற்றித்தான் இந்த மடல். அதில் இருப்பது இவ்வளவுதான்: பைக் நல்ல நிலையில் இருக்க வேண்டும், லெதர் சூட் கட்டாயம், பைக்கின் பின்பார்வைக் கண்ணாடிகளைக் கழற்றவும், விளக்குகளில் டேப் ஒட்டவும். இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் எதற்கும் காரணம் சொல்லவில்லை. காரணம் தெரியாதவர் கண்ணாடியை ஒழுங்காகக் கழற்றிவிட்டு, மூன்று வருடப் பழைய பிரேக் ஆயிலோடு வந்து நிற்பார். அதைக் காலையில் பரிசோதனை மேசையில் கண்டுபிடித்து என்ன பயன்? ஒன்று அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கண்டும் காணாமல் விட வேண்டும். இரண்டு வாரம் முன்பே காரணத்தோடு எழுதி அனுப்பினால் இந்தச் சங்கடமே வராது. பரிசோதனை மேசையிலும் பிட் லேனிலும் (ட்ராக்குக்குள் போய்வரும் பாதை) நிற்கிறவர்கள் என்ற முறையில், என்னென்ன எழுதலாம் என்று சொல்கிறோம்.

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பட்டறையில் எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காற்றில் இருக்கும் ஈரத்தை மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 (பிரேக் திரவத்தில் ஒரு தர வகை) திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரநிலை. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே தரநிலை கேட்பது வெறும் 155 டிகிரிதான். சாலையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ட்ராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் நேர்ப்பாதை முடிகிற அதே இடத்தில் அழுத்திப் பிடிக்கிறோம். காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) ஆற நேரம் கிடைப்பதில்லை. திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் வரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவர் கைப்பிடி வரைக்கும் வரும், பைக் நிற்காது.

அதனால் "பிரேக்கைச் சரிபார்க்கவும்" என்று எழுதாதீர்கள். "ஒரு வருடத்துக்கு மேலான பிரேக் ஆயிலை மாற்றுங்கள், சீல் உடைக்காத புதுப் பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள், லைனில் உள்ள காற்று போகும் வரை திரவத்தை வெளியேற்றி ப்ளீட் செய்யுங்கள்" என்று எழுதுங்கள். டாட் 4 ஊற்றுகிற பைக்கில் டாட் 5.1 ஊற்றலாம், டாட் 5 கூடாது. அது சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. (இப்படிப் பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.) பேடில் தகட்டுக்கு மேல் தேயும் பகுதி 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். சாலையில் இரண்டு மாதம் தாங்கும் பேட் இங்கே மாலைக்குள் தகடு தெரிந்துவிடலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. பைக்கை நிறுத்தி முன் பிரேக் லீவரை நன்றாக அழுத்தி, முப்பது வினாடி அப்படியே பிடித்திருக்கச் சொல்லுங்கள். லீவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் (லீவரோடு இணைந்த பம்ப்) சீல். முதல் அழுத்தலில் பஞ்சு மாதிரி இருந்து, இரண்டு மூன்று முறை அடித்ததும் இறுகினால் லைனில் காற்று இருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் அந்த பைக் ட்ராக்குக்கு வரக்கூடாது.

அடுத்தது டயர். புதியவர் வீணாகச் செலவு செய்வது இங்கேதான். ஸ்லிக் டயர் (வரிப்பள்ளமே இல்லாத பந்தய டயர்) சூடானால்தான் பிடிக்கும். அந்தச் சூட்டைக் கொடுக்க டயரைச் சுற்றிப் போர்த்தும் வார்மரும், தக்கவைக்க வேகமும் வேண்டும். முதல் நாள் ரைடரிடம் இரண்டும் இருக்காது. ஆறிய ஸ்லிக்கைவிட நல்ல சாலை டயர் எவ்வளவோ மேல். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் தாண்டிய டயரில் பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

காற்றழுத்தம்தான் அதிகம் குழப்புவது. பைக்கில் ஒட்டியிருக்கும் எண் சாலைக்கானது, பின்னால் ஆள், மூட்டை எல்லாம் கணக்கில் வைத்தது. ட்ராக்கில் டயர் சூடேறும்போது உள்ளே அழுத்தம் நான்கிலிருந்து ஆறு பி.எஸ்.ஐ. வரை தானாகவே ஏறும். சாலை எண்ணிலேயே விட்டால் டயர் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறையும். ஸ்போர்ட் வகைச் சாலை டயருக்கு ஆறிய நிலையில் முன்னால் 30 முதல் 32, பின்னால் 28 முதல் 30 என்பது தொடங்குவதற்கு ஏற்ற எண். டயர் கம்பெனி ட்ராக்குக்கென்று தனி எண் கொடுத்திருந்தால் அதுதான் செல்லும். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு 22-க்கு இறக்கி வருபவர்களும் உண்டு. அப்போது டயரின் உடல் அளவுக்கு மீறி நெளிந்து, தேவைக்கு மேல் சூடாகி, வளைவில் பைக் தள்ளாடும். எந்த கேஜில் அளந்தாரோ அதே கேஜைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு கேஜ் ஒரே எண் காட்டுவது அபூர்வம்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. கிளைக்கால் கலந்த கூலன்ட் தார்ப்பரப்பில் கொட்டினால் வழுக்கும், தண்ணீர் மாதிரி உலர்ந்து போகாது. ஒருவர் விழுந்து ரேடியேட்டர் உடைந்தால் பின்னால் வருபவர்கள் வரிசையாக விழுவது இதனால்தான். சுத்தம் செய்து முடிக்கும் வரை எல்லோருடைய செஷனும் (ட்ராக்கில் ஓட்டக் கிடைக்கும் நேரம்) போகும். புதியவர் குழுவுக்குக் கூலன்ட்டை வடித்துத் தண்ணீர் ஊற்றுவதைக் கட்டாயமாக்குவதா என்பது உங்கள் முடிவு. எங்களைக் கேட்டால் கட்டாயமாக்குங்கள். பழையதை வடித்து, தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, டிஸ்டில்டு வாட்டரும் கிளைக்கால் இல்லாத துருத்தடுப்பானும் ஊற்ற வேண்டும். ட்ராக் முடிந்ததும் கூலன்ட்டைத் திரும்ப ஊற்றச் சொல்ல மறக்காதீர்கள். வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் விட்டால் உள்ளே அரிக்கும், உறையும் குளிரில் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும்.

இன்ஜின் ஆயில் வடிக்கும் போல்ட்டையும் ஃபில்டரையும் 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியால் கட்டச் சொல்கிறீர்கள் என்றால், திசையையும் சொல்லுங்கள். போல்ட்டை இறுக்கும் பக்கமாகக் கம்பி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகக் கட்டிய கம்பி போல்ட் கழல்வதைத் தடுக்காது. ஃபில்டரில் துளை போட முடியாது என்பதால் அதைச் சுற்றி ஹோஸ் கிளிப் மாட்டி, அதிலிருந்து கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டக்கூடாது, கீழ்க் கோட்டிலும் நிற்கக்கூடாது.

செயினை ஆளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். நிற்கும் பைக்கில் சரியாகத் தெரிகிற செயின், பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது கம்பி மாதிரி விறைத்து, அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கை இழுக்கும். செயினுக்கு லூப்ரிகன்ட் அடிக்க வேண்டியது முதல் நாள் இரவு. காலையில் அடித்தால் அது பின் டயரில்தான் தெறிக்கும்.

விளக்குகளுக்கு டேப் ஒட்டுவது உடைந்த துண்டுகள் சிதறாமல் இருக்க. பிரேக் லைட் வெளியே தெரியாமல் இருந்தால், பின்னால் வருபவர் அதைப் பார்த்துப் பிரேக் பிடிக்காமல் வளைவைப் பார்ப்பார். டேப் ஒட்டும் முன் ஹெட்லைட் ஃப்யூஸைப் பிடுங்கச் சொல்லுங்கள். எரிகிற விளக்கின் மேல் ஒட்டிய டேப் சூட்டில் உருகிப் பிசினாகும்.

உடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு துண்டு சூட் என்றால் ஜிப் இடுப்பைச் சுற்றி முழுதாக ஓட வேண்டும். முதுகில் மட்டும் ஓடும் சின்ன ஜிப் சறுக்கும்போது பிய்ந்துகொள்ளும். முதுகுக் காப்பில் ஈ.என். 1621-2 என்ற ஐரோப்பியத் தரநிலைக் குறியைத் தேடச் சொல்லுங்கள். சோதனையில் அடியின் விசையில் லெவல் 1 சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை உள்ளே விடலாம், லெவல் 2 ஒன்பதுதான் விடலாம். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ். இவ்வளவுதான்.

கொடிகளைக் காலை விளக்கக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் ஓட்டிவிடுகிறீர்கள். பதற்றத்தில் இருப்பவர் மண்டையில் எதுவும் ஏறாது. படத்தோடு முன்கூட்டியே அனுப்புங்கள். மஞ்சள் என்றால் முந்தக்கூடாது, சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் என்றால் தரை வழுக்கும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் வந்தால் உங்கள் பைக்கில்தான் கோளாறு, பெரும்பாலும் ஏதோ ஒழுகுகிறது, எல்லோரும் வேகமாக ஓட்டும் பாதையை விட்டு உடனே ஒதுங்க வேண்டும். சிவப்புக் கொடிக்கு மட்டும் இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள். அதைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்துவது இயல்பு, ஆபத்தும் அதுதான். பின்னால் வருபவர் இன்னும் கொடியைப் பார்த்திருக்க மாட்டார். கையை உயர்த்தி, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஓட்டும் பாதையை மாற்றாமல் பிட்டுக்கு வர வேண்டும்.

சத்த அளவைச் சைலன்சரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் அளப்பீர்கள் என்றால் அதையும் உங்கள் வரம்பையும் எழுதிவிடுங்கள். கழற்றி வைத்த டிபி கில்லரை (சைலன்சர் சத்தத்தைக் குறைக்கும் செருகு) வீட்டில் விட்டுவிட்டு வந்து, வாசலிலேயே நாளை இழப்பவர்கள் குறைவார்கள். சாலை மைலேஜில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்து பெட்ரோல் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்கை இறுகி விரல் தாமதமாக மூடத் தொடங்கினால், அந்த நாளின் மிச்ச செஷன்களை விட்டுவிடலாம் என்றும், அதற்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றும் நீங்களே எழுதிக் கொடுங்கள். எங்கள் வாயால் கேட்டால் புதியவர் நம்புவதில்லை.

பக்கத்தின் கடைசி வரி மாலைக்கானது. பைக்கை ஓட்டியே வீடு திரும்புகிறவர் டயர் ஆறிய பிறகு காற்றைச் சாலை எண்ணுக்கு ஏற்றி, டேப்பைப் பிய்த்து, கண்ணாடியை மாட்டி, ஃப்யூஸைத் திரும்பச் செருகி, லீவரை அழுத்திப் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும்.

இப்படிக்கு,
பரிசோதனை மேசையிலும் பிட் லேனிலும் நிற்கிறவர்கள்