படி தருகிறார்கள், படி ஏற முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறன் மாணவர்கள் பள்ளிக்கு வந்துபோகப் போக்குவரத்துப் படி, கூட்டிக்கொண்டு வருகிறவருக்குப் பாதுகாவலர் படி என்று அரசு தருகிற உதவிப் பணத்தைப் பற்றி அவ்வப்போது உங்கள் மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வரும். அந்தப் படியை வாங்குகிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வாங்கிவிட்டுக் குறை சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். பணம் வருகிறது, வண்டி வரவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் 28 வருடம் இந்தப் பக்கத்துத் தனியார் பஸ்களில் கண்டக்டராக இருந்தவன். இப்போது 68 வயது. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஊர் என்றால் வீட்டோடு வீடு ஒட்டின தெரு மட்டும் இல்லை. பாதிப் பேர் அவரவர் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இட்டேரியில் ஒரு கிலோமீட்டர் வர வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலம். ஐப்பசி மழையில் அது தடமா வாய்க்காலா என்று தெரியாது.

பேரனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். புத்தியில் ஒரு குறையும் இல்லை, மனக்கணக்கில் என்னையே முந்துவான். கண்டக்டரை முந்துகிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கால் இரண்டும்தான் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். காலை நேராக நிறுத்துகிற காலிபர் சட்டத்தை மாட்டி, வாக்கரைப் பிடித்தால் பதினைந்து இருபது எட்டு வைப்பான். பேச்சு இழுத்து இழுத்து வரும். பொறுமையாகக் கேட்டால் எல்லாம் புரியும்.

ஐந்தாம் வகுப்பு வரை பக்கத்திலேயே ஒன்றியப் பள்ளி. மருமகள் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போவாள். பையன் வளர்ந்தான், கனம் கூடியது, ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் வைத்து அளந்தால் எங்கள் பள்ளியும் அதற்குள்தான் வரும். வேலி தாண்டி, மாடு மேய்கிற கொரங்காடு தாண்டி, கிணற்று மேட்டைத் தாண்டி யாராவது நேராகப் போக முடிந்தால். எங்கள் தடத்தில் சுற்றிப் போனால் நாலரை.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, வெள்ளென ஏழு மணிக்கே கிளம்பிவிடுவான். ஆக, டிரைவரும் நான், கண்டக்டரும் நான். வண்டி என்னுடைய பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட். பையனைப் பின்னால் உட்கார வைத்து, என் வீட்டுக்காரியின் பழைய நூல் சேலையை நாலாக மடித்து, அவன் முதுகைச் சுற்றி என் வயிற்றுக்குக் கொண்டுவந்து இரண்டு முடிச்சுப் போட வேண்டும். ஒரு முடிச்சு போதாது. வேகத்தடையில் வண்டி குலுங்கினால் அவன் உடம்பு தானாக விறைத்து ஒரு பக்கமாகச் சாயும். "மாமா, கெட்டியாக் கட்டுங்க" என்று மருமகள் தினமும் சொல்வாள். கெட்டியாகக் கட்டினால் எனக்கு மூச்சு முட்டும். வாக்கரை மடித்து முன்னால் நிற்க வைத்துக் கயிறு போட்டுவிடுவேன். புத்தகப் பை ஹேண்டில்பாரில். ஒருமுறை ரோட்டில் நின்ற போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, "மூட்டையா பெரியவரே கட்டியிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகச் சொன்னார்.

பள்ளி திறக்கிற சமயத்தில்தான் எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பம். ஆடி முடிகிற வரை அடிக்கும். காற்றாலைக்காரருக்குக் கொண்டாட்டம், எக்ஸ்எல்காரனுக்குத் திண்டாட்டம். போன ஆடியில் ஒருநாள் காற்று தள்ளியதில் வண்டியை ஓரமாக இறக்கி, விழாமல் காலை ஊன்றி நிறுத்தினேன். அந்த நேரம் அவன் வலது கால் நழுவி சைலன்சரில் போய் ஒட்டிக்கொண்டது. நாமாக இருந்தால் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்வோம். அவனால் இழுக்க முடியாது. "அப்பாரு" என்று ஆரம்பித்தான். எங்கள் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சுடுது" என்று அந்தச் சொல்லை முடிப்பதற்குள் கெண்டைக்காலில் தோல் உரிந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சேலையோடு கட்டியிருந்ததால் என்னாலும் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. பதினெட்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. புண்ணின் மேல் காலிபர் மாட்ட முடியாதே.

டவுன் பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பையனுக்கு இலவசப் பாஸ் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளியோடு துணைக்குப் போகிறவருக்கும் டிக்கெட் கிடையாது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு வருகிறது. 30 கிலோப் பையனை ஒரு கையில், வாக்கரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, கம்பியை எந்தக் கையில் பிடிப்பது?

டிரைவர் கண்டக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நிறுத்தத்தில் ஒரு நிமிடம் கூட நின்றால் பின்னால் வருகிற வண்டிக்காரன் அடுத்த நிறுத்தத்துக் கலெக்‌ஷனை அள்ளிக்கொண்டு போய்விடுவான், ராத்திரி முதலாளி கேட்பார். கட்டை ஊன்றி ஒருவர் வருவதைப் பார்த்துக்கொண்டே "ரைட்" கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. இப்போது நான் கீழே நின்று கை காட்டுகிறேன். மேலே இருந்து விசில் சத்தம் கேட்கிறது.

ஆட்டோ கேட்டுப் பார்த்தேன். காலையில் கொண்டுபோய் விட்டு, பொழுதோட திரும்பக் கொண்டுவர ஒரு நாளைக்கு 200 ரூபாய். அவர் மேலும் தப்பில்லை, இரண்டு வேளையும் ஒரு பக்கம் காலி வண்டியாக ஓட்ட வேண்டும். மாதம் 22 நாள் என்றால் 4,400. அரசு தருகிற பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதில் மருந்து, காலிபர் பெல்ட், எல்லாம் அடங்க வேண்டும். போக்குவரத்துப் படியோ எங்களுக்கு மாதாமாதம் வரவில்லை. வருடக் கடைசியில் மொத்தமாகச் சேர்த்துக் கணக்கில் விழுந்தது. ஆட்டோக்காரர் மாசி மாதம் வரை கடன் சொல்வாரா? இதைக் கேட்கச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு, "பையன் நிறைய நாள் வரலையேங்க" என்றார்கள். வண்டி இல்லாததால் வரவில்லை, வராததால் வண்டிக்கான பணத்தில் சிக்கல். இதை எந்தப் பக்கமிருந்து அவிழ்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

எங்கள் இட்டேரியிலேயே மூன்றாவது தோட்டத்துக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வண்டி தினமும் 7.40-க்கு வருகிறது. வாசல் வரைக்கும் வந்து திரும்புகிறது. பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு ஆயாம்மா கூட வருகிறார். 2012-ல் பள்ளி வண்டிகளுக்கென்று தனியாக விதி போட்டதிலிருந்து வருடாவருடம் கோடை விடுமுறையில் எல்லா வண்டிகளையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்புக் கருவி எல்லாம் சோதிக்கிறார்கள். கால் நன்றாக இருக்கிற பிள்ளை ஏறுகிற படியை அவ்வளவு அக்கறையாகப் பார்க்கிற அரசாங்கம் நம்முடையது. அதே அக்கறை என் பேரனுக்கும் வேண்டும் என்று கேட்டால் பேராசையா? அந்த வண்டி டிரைவரிடம் ஒருநாள், "தம்பி, போற வழிதானே, இவனையும் ஒட்டுக்கா ஏத்திக்க முடியுமா?" என்று கேட்டேன். அவருக்கு மனசு இருந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளை இல்லை, நாளைக்கு ஒன்று ஆனால் இன்சூரன்ஸ் வராது என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

இது யாரும் போடுகிற பிச்சை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16. பள்ளிகள் செய்ய வேண்டியவற்றில் கடைசியாக ஒன்று இருக்கிறது: மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் போக்குவரத்து வசதி, அதிக உதவி தேவைப்படுகிற குழந்தையோடு வருகிற துணையாளுக்கும் சேர்த்து. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற பள்ளி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சட்டத்தில் இருப்பது வசதி. கைக்கு வருவது படி. நடுவில் எங்கேயோ ஒரு சொல் மாறிவிட்டது.

என் தங்கை மகன் குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. அவர்கள் பையனுக்கு ஆட்டிசம். உள்ளூர் கவுன்சிலே வாசலுக்கு டாக்சி அனுப்புகிறது, கூட உதவியாளரும் வருகிறாராம். அங்கே 1996-ஆம் வருடக் கல்விச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்குள் 2 மைல், அதற்கு மேல் 3 மைல் என்று தூரக் கணக்கு. குறைபாட்டால் நடக்க முடியாத பிள்ளைக்குத் தூரக் கணக்கே கிடையாது. அங்கேயும் செலவு கட்டவில்லை என்று கவுன்சில்கள் புலம்புகின்றன, பெற்றோர் மல்லுக்கட்டித்தான் வாங்குகிறார்கள் என்று அவனே சொன்னான். சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே சண்டை வண்டியைப் பற்றி நடக்கிறது.

இன்னொன்று. எங்களுக்கு இரண்டு தோட்டம் தள்ளி ஒரு பையன், தசைச் சிதைவு நோய். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது வீட்டுவழிக் கல்வியில் இருக்கிறான். சிறப்பாசிரியர் வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிறார். வெயில், தூரம் பார்க்காமல் ஸ்கூட்டியில் வருகிற அந்தப் பெண்ணை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பையன் வீட்டில் இருக்கக் காரணம் நோய் மட்டும் இல்லை. சக்கர நாற்காலியை ஏற்றுகிற ஒரு வண்டி வந்தால் அவன் நாளைக்கே பள்ளிக்குப் போவான். வர முடியாத நிலையில் இருக்கிற பிள்ளைக்காக வைத்த ஏற்பாடு, வண்டி கிடைக்காத பிள்ளையையும் சேர்த்து வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறது. கணக்கேட்டில் இரண்டு பேரும் 'கல்வி பெறுகிறார்கள்' என்றுதான் இருக்கும். அந்தப் பையன் என்னிடம் கேட்டது படிப்பைப் பற்றி இல்லை. "இப்பவும் மத்தியானம் மரத்தடியிலதான் உக்காந்து சாப்புடறாங்களா?" என்று கேட்டான்.

சரி, என்ன செய்யலாம்? கண்டக்டர் புத்தியில் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆட்டோ என்றால் கட்டுப்படியாகாது. ரூட் போட வேண்டும். எங்கள் தடத்திலேயே நான் அறிய நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். என் பேரன், அந்தத் தசை நோய்ப் பையன், காது கேளாத ஒரு பெண் குழந்தை, தனியாக அனுப்பினால் வழி மறந்துவிடுகிற இன்னொரு பையன். நாலு பேர் படியையும் ஒன்றாகச் சேர்த்து, குறைவதை அரசு போட்டு, பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகவே உள்ளூர் ஆட்டோவையோ வேனையோ மாத வாடகைக்குப் பேசலாம். மலைக் கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர இப்படி வண்டி வைப்பது நம் மாநிலத்தில் புதிது இல்லை. சமவெளியிலும் எங்கள் இட்டேரி ஒரு சின்ன மலைதான். கூட ஒரு பெண் உதவியாளர் வேண்டும், சம்பளத்தோடு. வாடகையை மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டும். இயன்முறை மருத்துவத்துக்கு வட்டார வள மையத்துக்குப் போகிற நாளில் அதே வண்டி அங்கேயும் போக வேண்டும். இப்போது பிசியோவுக்குப் போனால் அன்றைக்குப் பள்ளி இல்லை, பள்ளிக்குப் போனால் பிசியோ இல்லை. அப்புறம் தூரத்தை ஊர் எல்லையிலிருந்து அளக்காமல், தோட்டத்து வாசலிலிருந்து அளக்க வேண்டும். பஸ் கண்டக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள், இது சட்டமெல்லாம் இல்லை: வாக்கர் தெரிந்தால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இடது கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, வலது கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அறுவை முடிந்து ஒரு மாதத்துக்கு வண்டி ஓட்டக் கூடாதாம். அந்த ஒரு மாதத்துக்கு என்ன செய்வது என்று வீட்டில் இன்னும் பேசி முடியவில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். பள்ளியில் பிள்ளைகள் படித்துவிட்டுக் கேலி செய்வார்கள் என்று பேரன் சொல்கிறான். கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். 22 பெருக்கல் 200 சரியாகத்தான் இருக்கிறது என்றான். ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது என்றும் சொன்னான். வருகிற ஜூனில் அவன் ஏழாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு மாடியில் இருக்கிறதாம். அதைப் பற்றித் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டுத் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கண்டக்டர்,
தாராபுரம் ரோடு, காங்கயம் பக்கம்