"எனக்குச் சரவாங்கிதானே": மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், மூட்டு நோய் விழிப்புணர்வுத் திட்டத்தை வகுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருவில் மறுபடியும் அந்த ஆட்டோ வந்தது. "முடக்குவாத நோய்க்கான சிறப்பு விழிப்புணர்வு முகாம், பொதுமக்கள் தவறாமல் கலந்துகொண்டு பயனடையுமாறு..." என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. மூன்று வருடத்துக்கு முன் கேட்ட வாசகம், ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அந்த ஆட்டோ போனபோது அம்மா திண்ணையில் மல்லிகையோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாகப் பூ கட்டுகிறவர். இடது கை விரல்களுக்கு நடுவே மொட்டுகளை எதிரும் புதிருமாக வைத்து, வலது கையால் நாரைச் சுற்றி, ஒரு சுண்டு சுண்டி இறுக்குவார். பேசிக்கொண்டே கட்டுவார், கண் பூவில் இருக்காது. ஆனால் அந்த வருடம் காலையில் விரல் மடங்கவில்லை. ஐந்து மணிக்கு மொட்டு வந்துவிடும், ஏழு மணிக்குச் சரம் கோயில் வாசலுக்குப் போயாக வேண்டும். விரல் மடங்கவோ ஒன்பது மணி ஆகும். சொம்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு கையை விட்டு எடுப்பார், கட்டுவார், மறுபடி விடுவார். நார் இறுகாமல், சரத்தைத் தூக்கினால் மொட்டு உதிரும். "என்னக்கா, முன்ன மாதிரி நெருக்கமா இல்லையே" என்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கடை பார்த்துப் போனார்கள்.

ஆட்டோ சத்தம் கேட்டதும் "போய்க் காட்டிட்டு வாம்மா" என்றேன்.

"அது கை கால் விளங்காதவங்களுக்குடி. எனக்குச் சரவாங்கிதானே" என்றார்.

அம்மா படிக்காதவர் இல்லை, எட்டாவது வரை படித்தவர். பக்கவாதம் என்றால் ஒரு பக்கம் விழுந்துவிடும் என்று தெரியும். இளம்பிள்ளைவாதம் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்டவர் 'முடக்குவாதம்' என்று கேட்டால் படுக்கையில் கிடப்பவரைத்தானே நினைப்பார்? மூட்டெல்லாம் வீங்கி விறைத்துப்போகும் நோய்க்குத்தான் அந்தப் பெயர், மருத்துவப் புத்தகத்துக்கு அது சரி. எங்கள் தெருவில் அந்த நோய்க்குச் சரவாங்கி என்று பெயர். கை கால் குடைச்சல் என்பார்கள், வாயுப் பிடிப்பு என்பார்கள், முட்டி வலி என்பார்கள். ஒலிபெருக்கி அழைத்தது தன்னைத்தான் என்று அம்மாவுக்குத் தெரியவே இல்லை.

முகாமில் வைத்திருந்த பேனரையும் நான் பார்த்தேன். கம்பு ஊன்றிய தாத்தா ஒருவரின் படம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகத்தில் முடக்குவாதம் இருந்தவர்கள் சுமார் 1.8 கோடிப் பேர். அவர்களில் 70 சதவீதம் பெண்கள். முகாம் நடந்தபோது அம்மாவுக்கு வயது 46. அந்தப் படத்தில் அவர் தன்னை எப்படிக் கண்டுகொள்வார்? முகாம் நடந்தது கல்யாண மண்டபத்தின் மாடியில். முட்டி வலிக்காரர்களை மாடி ஏறச் சொல்லலாமா என்று ஏற்பாடு செய்தவர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

அதன் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருடம் போனது. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை, யாரோ சொன்ன தைலம், தெருவில் விற்க வந்தவரிடம் வாங்கிய பொடி. பொடி சாப்பிட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், முகம் உப்பும். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று பிறகுதான் மருத்துவர் சொன்னார். கடைசியில் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது வலது கையில் இரண்டு விரல் கோணிவிட்டன. இந்த நோய்க்கு முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அப்போதே சரியான மருந்தை ஆரம்பித்தால் மூட்டு அழியாமல் பெருமளவு காப்பாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டு, "ஏம்மா இவ்வளவு நாள் வரல?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அம்மா இல்லை ஐயா. நீங்கள்.

முகாம் முடிந்ததும் உங்கள் பதிவேட்டில் வந்தவர்கள் பெயர் இருக்கும். எத்தனை துண்டுப் பிரசுரம் கொடுத்தீர்கள் என்ற கணக்கும், குத்துவிளக்கு ஏற்றிய படமும் இருக்கும். வராதவர்கள் பெயர் எதிலும் இருக்காது. வந்தவர்களை எண்ணிவிட்டுத் திட்டம் வெற்றி என்று எழுதினால், வாசகம் எப்படி மாறும்? அதனால்தான் மூன்று வருடமாக அதே கேசட் ஓடுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். எழுதுவதற்கு முன் எங்களிடம் கேளுங்கள். சொல்லி முடித்த பிறகும் வந்து கேளுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தை இல்லை. மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்துப் பிக்வான் கிராமத்தில் 1996இலேயே வீடு வீடாகப் போய், எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று மக்களின் மொழியில் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். காப்கார்ட் என்ற அந்த முறைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவு இருந்தது. நம் மாநிலத்தில் வழி இன்னும் சுலபம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் அப்பாவுக்குச் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதற்கு நன்றி சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். இயன்முறை மருத்துவமும் (பிசியோதெரபி) அந்தத் திட்டத்தில் உண்டு. அப்பாவைப் பார்க்க வரும் அதே அக்கா, அம்மாவிடமும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். காலையில் எழுந்ததும் விரல் மடங்குகிறதா? இல்லையென்றால் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணிக்கு மேல் ஆகிறது, வாரக்கணக்காக வீக்கமும் இருக்கிறது என்றால் சீட்டு எழுதி அனுப்பிவிடலாம்.

அப்புறம், முகாம் முடிந்து மூன்று மாதம் கழித்து, வராதவர்கள் வீட்டுக்கும் யாராவது போக வேண்டும். ஆட்டோவில் என்ன சொன்னார்கள், உங்களுக்கு என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்களிடம் தலை பின்ன முடிகிறதா, ஜாக்கெட் கொக்கி போட முடிகிறதா, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்று கேட்டு, ஆரம்பத்தில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வலிக்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவில் எத்தனை மாதம் போனது என்பதை ஒவ்வொருவருக்கும் குறித்து வையுங்கள். அம்மாவுக்கு அது இரண்டு வருடத்துக்கும் மேல். அடுத்தவருக்கு இரண்டு மாதமாகக் குறைந்தால், உங்கள் திட்டம் வேலை செய்கிறது என்று நானே ஊரெல்லாம் சொல்வேன்.

மருந்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. அம்மாவுக்குக் கொடுத்திருக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம். அட்டையில் இருப்பதோ அம்மாவால் படிக்க முடியாத பொடி ஆங்கில எழுத்து. தினக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களை எல்லாம் நான் உட்கார்ந்து சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன். படிக்கப் பிள்ளை இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? மாத்திரை கொடுக்கும் இடத்தில் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைச்சுமை தெரியும். ஊழியர் போதவில்லை என்பதும் தெரியும். அம்மா இப்போது பரவாயில்லை. விரல் மடங்குகிறது, கோணல் மட்டும் நிமிரவில்லை. நெருக்கமான சரம் இனி வராது, உதிரிப் பூ விற்கிறார்.

அக்டோபர் 12 உலக மூட்டு நோய் நாள். அதற்கும் நோட்டீஸ் அடிப்பீர்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவரை அனுப்புங்கள். பூக்காரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அதை ஒரு முறை வாசித்துக் காட்டி, இது யாருக்காகச் சொல்வது என்று கேளுங்கள். வேறு யாருக்கோ என்று சொன்னால், தயவுசெய்து மாற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பூ விற்கும் ஒருவரின் மகள்