ஐந்து மதிப்பெண்ணுக்குள் பள்ளிக்கரணை அடங்குமா, டீச்சர்?

வணக்கம் டீச்சர்.

உங்களிடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா எழுதுகிறேன். புவியியலில் 'மனிதனும் சுற்றுச்சூழலும்' பாடத்தை அவள் கடகடவென ஒப்பிக்கிறாள்: நீர் மாசு, காரணங்கள், விளைவுகள், தடுக்கும் வழிகள். நாங்கள் இருப்பது தென்சென்னையில், சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளிக்கரணை. 2015 டிசம்பரில் நம் தெருக்களில் ஏன் அவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்டால், "மழை ஜாஸ்தி" என்கிறாள். அதற்கு மேல் பாடத்தில் பதில் இல்லை.

சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. சொன்னதற்காக ஒரு பாடத்தைத் தனியே ஒதுக்கி வைத்தால், அது ஐந்து மதிப்பெண் கேள்வியாகத்தான் முடியும். என்னைக் கேட்டால், அதே புத்தகத்தில் உள்ள நிலவரைபடப் பாடத்தில்தான் சூழலைச் சொல்லித்தர வேண்டும்.

இந்திய நில அளவைத் துறையின் 66 டி/1 டோப்போஷீட்டை, அதாவது மேடு பள்ளம், ஏரி, ஓடை எல்லாம் காட்டும் வரைபடத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் அதில்தான் வருகிறது. அளவை 1:50,000, அதாவது வரைபடத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. பழைய பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் சதுப்பு நிலத்துக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். பிள்ளைகள் இந்த வழியைப் பென்சிலால் வரையட்டும். அப்புறம் கூகுள் எர்த்தில் அதே இடத்தைத் திறந்து, பழைய செயற்கைக்கோள் படங்களையும் இன்றையதையும் ஒப்பிடட்டும். சுமார் 50 சதுர கி.மீ. இருந்த சதுப்பு எங்கெங்கே வீடானது, எங்கே ஐ.டி. கட்டடமானது, பெருங்குடிக் குப்பைமேடு எதன்மேல் நிற்கிறது என்று யாரும் சொல்லவே வேண்டாம். 2022-ல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தது சுமார் 1,248 ஹெக்டேரை. அதாவது 12.5 சதுர கி.மீ. கணக்கு டீச்சருக்கும் ஒரு வேலை கிடைக்கும்!

ஒரு சங்கடம் உண்டு. வகுப்பில் பாதிப் பேரின் வீடு, எங்கள் அடுக்ககமும் சேர்த்து, அந்தப் பென்சில் கோட்டின் மேலேயே இருக்கலாம். அதற்காக விட்டுவிடாதீர்கள். "அப்போ நாம எங்கே போறது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், 'தடுக்கும் வழிகள்' அன்றைக்குத்தான் உண்மையான பாடமாகும்.

பாடத்திட்டம் முடிக்கும் நெருக்கடி தெரியும். இரண்டு பீரியடு போதும். வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு நான் தருகிறேன். ஒக்கியம் மடுவுப் பாலத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளைக் கூட்டிப்போக பள்ளி அனுமதித்தால், உடன் வர நாலைந்து பெற்றோர் தயார். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் என்றால் நல்லது.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா