சமுதாயக் கூடத்தின் மேல்தளத்துக்கு 40 கன மீட்டர் கான்கிரீட்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கட்டடக் குழுவின் வணக்கம்.

கூடத்தின் தூண்கள் நிற்கின்றன. சுவர் லிண்டலை (கதவு, ஜன்னல் மேல் விட்டத்தை) தாண்டிவிட்டது. சென்ட்ரிங் தகடும் முட்டும் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் தகடும் கால்களும்) ஏறிக்கொண்டிருக்கின்றன. தளத்துக்கும் பீமுக்கும் (உத்தரத்துக்கும்) வேண்டிய கம்பி முழுவதும் வந்து இறங்கிவிட்டது. இதெல்லாம் நீங்கள் இதுவரை கொடுத்ததில் ஆனவை. பாக்கி இருப்பது மேல்தளக் கான்கிரீட். அதற்கு 3,10,000 ரூபாய் ஆகும். கையில் 1,10,000 இருக்கிறது. மீதி 2,00,000 ரூபாய் தை 15-க்குள் சேர வேண்டும். மாசி முதல் வாரத்தில் தளம் போட ஏற்பாடு.

இருக்கிற பணத்தை வைத்து ஆரம்பிக்கலாமே, மிச்சம் தானாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் அப்படித்தான் செய்தோம். சுவரைப் பாதியில் நிறுத்தி இரண்டு மாதம் கழித்துத் தொடர்ந்தால் ஒன்றும் கெடாது. தளம் அப்படியில்லை. முதலில் கொட்டிய கான்கிரீட் இறுக ஆரம்பித்த பிறகு அதன் பக்கத்தில் புதுக் கான்கிரீட் விழுந்தால் இரண்டும் ஒட்டாது. அந்தக் கோட்டில் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். பீம் நடுவில் அந்தக் கோடு விழுந்துவிட்டால் ஒழுகலோடு முடியாது, பலமே போய்விடும். நாம் வாங்கப்போவது ரெடிமிக்ஸ், அதாவது பிளாண்டில் கலந்து ஏழு லாரியில் வரும் கான்கிரீட். ஆகவே முதல் லாரி வரும் முன் ஏழாவது லாரிக்கான பணமும் கையில் இருக்க வேண்டும். நாங்கள் விசாரித்த இடங்களில் எல்லாம் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால்தான் வண்டியைப் பிளாண்டிலிருந்து அனுப்புகிறார்கள்.

கணக்கை வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் டேப்பை எடுத்து வந்து அளந்து பார்க்கலாம்.

கூடம் 60 அடிக்கு 30 அடி. நான்கு பக்கமும் 2 அடி வெளிநீட்டம் சேர்த்தால் தளம் 64 × 34 = 2,176 சதுர அடி. கனம் 5 அங்குலம். அப்படியானால் 907 கன அடி. குறுக்கே 30 அடி நீளத்தில் 6 பீம்கள். ஒவ்வொன்றும் 12 அங்குல அகலம், மொத்த ஆழம் 30 அங்குலம். மேலே உள்ள 5 அங்குலம் தளக் கணக்கில் வந்துவிட்டதால் 25 அங்குலம்தான் எடுக்க வேண்டும் (இதை இரண்டு முறை சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிசகு). அது 375 கன அடி. நீளவாக்கில் இரண்டு ஓர பீம்கள், குறுக்கு பீம் அகலம் கழித்து, 88 கன அடி. மொத்தம் சுமார் 1,370 கன அடி. ஒரு கன மீட்டர் என்பது 35.31 கன அடி, வகுத்தால் 38.8 கன மீட்டர். சிந்துவதற்கு 2 சதவீதம், பம்ப் குழாய்க்குள் தங்குவது அரை கன மீட்டர் (125 மி.மீ. குழாய் 40 மீட்டர் நீளம் போட்டால் அவ்வளவு பிடிக்கும்). ஆக 40.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது சென்ட்ரிங்தான். தகடு சராசரியாக அரை அங்குலம் தொய்ந்தால் 2,176 சதுர அடியில் கூடுதலாக 2.57 கன மீட்டர் விழுங்கும். அது 15,000 ரூபாய்க்கு மேல். அதனால் கான்கிரீட்டுக்கு முதல் நாள் மாலை மேஸ்திரியும் பொறியாளரும் ரசமட்டக் குழாய் பிடித்து பீம்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் தகட்டை மட்டம் பார்த்து, ஜாக்கியைத் திருகிச் சரிசெய்வார்கள். அதன் பிறகு தகட்டின் மீது யாரும் ஏறி நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். கம்பி அமுங்கினால், அதைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் நழுவிவிடும்.

ரெடிமிக்ஸ் எதற்கு, நம் ஆட்களே மெஷின் வைத்துக் கலக்கலாமே என்ற கேள்வியும் நியாயமானது. இந்தத் தளத்துக்குப் பொறியாளர் கேட்டிருப்பது எம்25 (கான்கிரீட்டின் பலத் தரம், எண் கூடினால் பலம் கூடும்). கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று சட்டிக் கணக்கில் கலப்பது எம்20 வரைக்கும்தான். அதற்கு மேல் ஆய்வகத்தில் வடிவமைத்த கலவை வேண்டும், ஜல்லியும் மணலும் எடை போட்டுச் சேர வேண்டும். அதை விட்டுவிட்டு மெஷின் கணக்கை மட்டும் பார்த்தாலும், ஒரு மூட்டை மெஷினில் 40 கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 320 தடவை கலக்க வேண்டும். தடவைக்கு 4 நிமிடம் என்றால் 21 மணி நேரம். விளக்கு வெளிச்சத்தில், களைத்துப்போன ஆட்களை வைத்துக்கொண்டு அதைச் செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

விலை கேட்கும்போது கன மீட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் ஏமாந்துவிடுவோம். ஒருவர் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்க்காமல் சொல்வார். ஒருவர் பம்பைத் தனியாக எழுதுவார். ஒருவர் கடைசி வண்டி 6 கன மீட்டருக்குக் குறைந்தால் தனிக் கட்டணம் என்பார். வண்டி காத்திருந்தால் நிமிடக் கணக்கில் பணம் கேட்பவரும் உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு கன மீட்டரில் சிமென்ட் எத்தனை கிலோ, அதில் கலந்த அனல் மின்நிலையச் சாம்பல் எவ்வளவு என்பது. விலை குறைவான இடத்தில் குறைவது பெரும்பாலும் அதுதான். சிமென்டும் சாம்பலும் சேர்த்து 340 கிலோவுக்குக் குறையக் கூடாது, தண்ணீர் 160 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே ஆர்டர் கொடுப்போம். வரி சேர்த்துக் கன மீட்டருக்கு 6,000 ரூபாய் என்று வைத்திருக்கிறோம்.

செலவு விவரம்:

கான்கிரீட், 40 கன மீட்டர்: 2,40,000
லைன் பம்ப் வாடகை: 18,000
கொத்தனார், ஆட்கள், இரண்டு வைப்ரேட்டர் (கலவையை அதிர்த்து இறுக்கும் கருவி): 22,000
கியூப் சோதனை (கான்கிரீட் கட்டியை அழுத்திப் பலம் பார்ப்பது): 6,000
சாக்கு, தண்ணீர், 14 நாள் நீராற்ற ஆள்: 9,000
கைக்காப்பு (எதிர்பாராத செலவுக்கு): 15,000

பூம் பம்ப் (உயரே நீளும் கையால் கொட்டும் பம்ப்) கேட்காததற்குக் காரணம், கூடத்தின் கிழக்கே போகும் மின்கம்பி. லைன் பம்ப் குழாய் தரையோடு வந்து ஏறும், ஆபத்தில்லை. குழாயை வழவழப்பாக்க முதலில் விடும் சிமென்ட் பாலைத் தளத்திலோ பீமிலோ கொட்ட விடமாட்டோம், வெளியே தள்ளிவிடுவோம். வீணாகிறதே என்று யாரும் வருந்த வேண்டாம், அதில் ஜல்லியே கிடையாது.

தளம் போடும் அன்று காலை 6 மணிக்கு முதல் லாரி. பிறகு அரை மணிக்கு ஒன்று. ஒரு வண்டியை இறக்க 25 நிமிடம் ஆகும் என்பதால் இந்த இடைவெளி. எல்லா வண்டியும் சேர்ந்து வந்து நின்றால் பின்னால் நிற்பது வெயிலில் கெட்டியாகும். ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. கெட்டியானதும் டிரைவரோ கொத்தனாரோ தண்ணீர் ஹோஸைத் திறக்கப் பார்ப்பார்கள். தளம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 340 கிலோவுக்கு 160 லிட்டர் என்றால் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.47. கன மீட்டருக்கு 20 லிட்டர் மட்டும் கூட ஊற்றினால் 0.53 ஆகிவிடும். திறந்தவெளிக்கு அனுமதித்த உச்சம் 0.50. கொடுத்த பணத்துக்கு எம்25 வாங்கி, நம் கையாலேயே அதை எம்20 ஆக்கிக்கொள்வது போலத்தான். லாரியில் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்பதைக் கண்காணிக்கவே ஒருவர் பம்ப் ஹாப்பர் (லாரி கலவையைக் கொட்டும் தொட்டி) பக்கத்தில் நிற்பார். ஓட்டம் போதாவிட்டால் பிளாண்ட் ஆள் தரும் அட்மிக்ஸ்சரை (கலவையை இளக்கும் ரசாயனத்தை) அளந்து ஊற்றிச் சுற்ற வைப்பதுதான் வழி.

இன்னொருவர் நோட்டுடன் வாசலில் இருப்பார். வண்டி எண், சலானில் உள்ள ஏற்றிய நேரம், வந்த நேரம், கிரேடு, அளவு எல்லாம் எழுதப்படும். ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகி இருக்கிறது என்ற அளவு) 100 முதல் 150 மி.மீ.க்குள் இருந்தால் இறக்குவோம். முதல் வண்டியையும் இடையில் ஒரு வண்டியையும் எடைமேடை வழியாக வரச் சொல்லியிருக்கிறோம்: 6 கன மீட்டர் என்றால் கான்கிரீட் மட்டும் சுமார் 14.4 டன். 700 கிலோ குறைந்தால் கால் கன மீட்டருக்கு மேல் குறைகிறது என்று அர்த்தம். ஏழாவது வண்டியின் அளவை முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். ஐந்தாவது வண்டி இறங்கும்போது மிச்சத்தை டேப்பில் அளந்து, பிறகு போன் செய்வோம். 3 கன மீட்டர் வேண்டிய இடத்தில் 4 வந்தால் மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழியில் வண்டி பழுதாகிவிட்டால், பீம் நடுவில் நிறுத்தாமல், இரண்டு பீம்களுக்கு இடையே தளத்தின் நடுப்பகுதியில் பலகை வைத்து நேராக நிறுத்துவோம். அந்தப் பலகையும் தயாராக இருக்கிறது.

கியூப் சோதனைக்கு 6,000 எதற்கு என்று கேட்டவர்களுக்கு: 31 முதல் 50 கன மீட்டர் வரை 4 மாதிரி எடுக்கச் சொல்கிறது விதி. மாதிரிக்கு 3 கியூப், ஆக 12. ஏழாம் நாள் பார்க்க இன்னும் 6. வண்டியின் நடுப்பகுதிக் கலவையிலிருந்து எடுத்து, வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவோம். கம்பெனி தரும் தாளை மட்டும் நம்பி கட்டடத்தை ஒப்படைக்க முடியாது. முடிவு வந்ததும் ஊர்ப் பலகையில் ஒட்டப்படும்.

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது 14 நாள். பீம் முட்டு 21 நாளைக்குள் பிரிப்பதில்லை. சாம்பல் கலந்த சிமென்ட் என்பதால் பொறியாளர் 28 நாள் என்கிறார். பங்குனி மூன்றாம் வாரத்துக்கு முன் கூடத்தில் யாரும் விசேஷம் பேசி வைக்க வேண்டாம்.

நன்கொடையை எப்படிக் கொடுப்பது: ஒரு கன மீட்டர் 6,000 ரூபாய். 5 அங்குலத் தளத்தில் அது 85 சதுர அடி. ஒரு முழு லாரி 36,000. 500 ரூபாய் தந்தால் 7 சதுர அடிக்கான கான்கிரீட். இரண்டு, மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு கன மீட்டர் தருவது நல்ல வழி. வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் சேர்ந்து ஒரு லாரியை ஏற்றுக்கொண்டால் பாரம் பெரிதும் குறையும். பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும். கணக்கு விவரம் குழுவினரிடமும் ஊர்ப் பலகையிலும் இருக்கிறது. ரசீது உண்டு. 80ஜி வரிவிலக்கு எங்களிடம் இல்லை, அதை எதிர்பார்த்துத் தர வேண்டாம். கைக்காப்பில் மிச்சமானால் மேலே தட்டு ஓடு பதிக்கப் போகும். தை 15-க்குள் தொகை சேராவிட்டால் தளத்தைத் தள்ளிவைப்போம். அதுவரை சென்ட்ரிங் வாடகை நாள் கணக்கில் ஏறும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

சிமென்ட் மூட்டையாகத் தர நினைப்பவர்கள் பூச்சு வேலை வரை பொறுத்திருங்கள். தளத்துக்கு அது பயன்படாது. இப்போது பொருளாக வேண்டியவை: கிழியாத சணல் சாக்கு 200, கரண்ட் போனால் வைப்ரேட்டர் ஓட்ட ஒரு ஜெனரேட்டர், அன்று காலை 30 பேருக்கு டிபன், மாலையில் இருந்து தளத்துக்குத் தண்ணீர் விட ஒரு மோட்டார் இணைப்பு. லாரி கான்கிரீட்டோடு 25 டன்னுக்கு மேல் இருக்கும் என்பதால் ஏரிக்கரைச் சிறுபாலம் வழியாக விடமாட்டோம், பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் வரும். அந்தத் தெருக்காரர்கள் முதல் நாள் இரவே டிராக்டரையும் வண்டிகளையும் ஓரம் கட்டிவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சமுதாயக் கூடக் கட்டடக் குழு