வெளிநாட்டு வேலை விளம்பரத்தில் உரிம எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 12 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்த ஒரு தம்பி அம்மாவோடு வந்தான். "அக்கா, இதைக் கலர்ல ரெண்டு காப்பி எடுத்துக் குடுங்க" என்று போனில் வந்திருந்த வேலை உத்தரவை நீட்டினான். தாய்லாந்தில் வேலை, மாதம் 70,000 ரூபாய் சம்பளம். ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். அந்த அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. செயின் அடகுக்குப் போய்விட்டது, பணம் இன்னும் கைமாறவில்லை.

"கூகுள்ல பார்த்துட்டேன்க்கா, நல்ல கம்பெனிதான்" என்றான். பெயரை அடித்ததும் மேலே வந்தது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அடுத்தது கம்பெனியின் சொந்தத் தளம். அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதைத்தான் அவன் படித்திருக்கிறான்.

சரி, உட்காரு என்றேன். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, கழித்தல் குறியால் அவர்களுடைய தளத்தை விலக்கித் தேடினேன். ஒன்றும் வரவில்லை. "குறை ஒண்ணும் இல்லையேக்கா" என்று தம்பிக்கு மகிழ்ச்சி. எனக்கு அங்கேதான் பயம் வந்தது. 15 வருட நிறுவனம் என்கிறார்கள், அவர்கள் வாயைத் தவிர வேறு ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் இல்லை. தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்று பார்த்தால் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்புறம் ஏஜெண்டின் போன் எண். சேர்த்து ஒரு தடவை, ஐந்து எண்களுக்குப் பிறகு இடைவெளி விட்டு ஒரு தடவை, முன்னால் 91 போட்டு ஒரு தடவை தேடினேன். எண்ணை எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படித் தேடினால்தான் சில நேரம் சிக்கும். மூன்றாவது தடவையில் அதே எண் வேறொரு கம்பெனிப் பெயரோடு, லாவோஸ் வேலைக்கான பதிவில் இருந்தது.

கடைசியாக, உத்தரவில் இருந்த 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்' என்ற பதவிப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டேன். கூடவே 'சைட்' என்று அடித்து முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'ஜிஓவி டாட் இன்' சேர்த்தேன். இப்படித் தேடினால் அரசுத் தளங்கள் மட்டும் வரும். வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் விடுத்த எச்சரிக்கை வந்தது. இதே பதவிக்கு என்று தாய்லாந்துக்கு அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் கடத்தி, மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. தம்பி அதை இரண்டு முறை படித்துவிட்டு, அம்மாவுக்குத் தமிழில் சொன்னான். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் செயினை மீட்டுவிட்டதாகப் போன் செய்தார்.

இதில் உங்களுக்கு எழுத என்ன இருக்கிறது என்றால், அந்த ஏஜெண்டின் எண் அவனுக்குக் கிடைத்ததே ஒரு நாளிதழின் வரி விளம்பரத்தில்தான். எது என்று சொல்லப்போவதில்லை. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை விளம்பரத்திலும் காட்ட வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் 'இ-மைகிரேட்' என்ற அரசுத் தளத்தில் இருக்கிறது. நிஜமான உரிம எண்ணைத் திருடிப் போடுகிறவர்களும் உண்டு. அதனால் முகவரியும் போன் எண்ணும் அங்கே உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆட்கள் சிக்கிய பிறகும், ஏஜெண்ட் கைதான பிறகும் செய்தி போடுகிறீர்கள். தயவுசெய்து உரிம எண் இல்லாத வெளிநாட்டு வேலை விளம்பரத்தை வாங்காதீர்கள். வேலைவாய்ப்புப் பக்கம் வரும் நாளில், அதன் கீழேயே நான்கு வரியில் இந்தத் தேடும் முறையை அச்சிடுங்கள். வெட்டி எடுத்து, பிரிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
மேலூர், மதுரை மாவட்டம்.