இரண்டு முறை லாமிங்டன் ரோடு

மாட்டுங்கா, மும்பை
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுத மேசை கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கக் கம்ப்யூட்டர் பாகங்கள் பரப்பிக் கிடந்தன. இவர் ஒரு வாரம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். "கடையில ரெடியா விக்கிறாங்களே" என்று மாமியார் தினம் ஒரு தடவை சொல்லிவிடுவார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பையன் தானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போவதாகவும், எல்லாப் பாகங்களையும் மாட்டுகிற பலகையான மதர்போர்டில் மட்டும் குழம்பி நிற்பதாகவும் எழுதியிருந்தாய். குழம்பட்டும், நல்லதுதான். நான் குழம்பாமல் வாங்கிவிட்டு, கம்ப்யூட்டர் பாகக் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோடுக்கு இரண்டு முறை அலைந்தேன்.

பழைய போட்டோக்களைச் சரிசெய்து கொடுக்கும் என் வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி பிராசஸரை (கம்ப்யூட்டரின் மூளை) எடுத்தேன். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே உண்டு. (ஜி இல்லாத வெறும் 5600-இல் கிடையாது. ஓர் எழுத்து விட்டுப்போனால் மானிட்டர் இருட்டுதான்.) கடைக்காரர் ஒரு பி450 மதர்போர்டை எடுத்து வைத்து, "சல் ஜாயேகா மேடம்" (ஓடும் மேடம்) என்றார். பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 வகை, ராம் டிடிஆர்4 வகை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் பிராசஸர் மூலையிலிருக்கும் குட்டி முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்தேன். 1331 ஊசிக்கால்களும், அழுத்தவே வேண்டாம், தானாக உள்ளே இறங்கின. எவ்வளவு பெருமை எனக்கு! ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

இரண்டு நாள் ராமைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அப்புறம்தான் புரிந்தது. பி450 என்பது போர்டிலிருக்கும் சிப்செட்டின் பெயர், 2018-இல் வந்தது. 5600ஜி 2021-இல் வந்தது. கடை அலமாரியில் நெடுநாள் கிடந்த அந்தப் போர்டின் பயாஸுக்கு (போர்டை எழுப்பி ஓட வைக்கும் உள் மென்பொருள்) என் பிராசஸர் யாரென்றே தெரியாது. பயாஸைப் புதுப்பிக்க போர்டு ஓட வேண்டும். போர்டு ஓட பயாஸ் புதிதாக இருக்க வேண்டும்! சில போர்டுகளில் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கும். பிராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து ஏற்றிவிடலாம். என்னுடையதில் அது இல்லை. போர்டை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, மாட்டுங்கா ரோடில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறி, கொட்டுகிற மழையில் லாமிங்டன் ரோடுக்குப் பக்கத்து ஸ்டேஷனான கிராண்ட் ரோடில் இறங்கினேன். வாங்கிய கடையில் கையை விரித்துவிட்டார்கள். நாலு கடை தள்ளி ஒரு பையன், தன்னிடமிருந்த பழைய ரைசனை மாட்டிப் புதிய பயாஸை ஏற்றிக் கொடுத்தான். அவ்வளவுதான் வேலை.

அதனால் உன் பையன் முதலில் பிராசஸரை முடிவு செய்யட்டும். பிறகு போர்டு கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான சிபியு (பிராசஸர்) பட்டியலைத் திறந்து, தன் பிராசஸருக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு போட்டிருக்கிறது என்று பார்க்கட்டும். கடையிலிருக்கும் போர்டில் அதைவிடப் பழைய பதிப்பு என்றால், அங்கேயே ஏற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுக்கட்டும்.

ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 எடுத்தால் ராம் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் என்றால் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பெயரை முழுசாகப் படிக்க வேண்டும். இரண்டு ராமுக்கும் 288 கால்தான், ஆனால் அடியிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அமுக்கிப் பார்க்கிறேன் பேர்வழி என்று உடைத்துவிடப்போகிறான்! ஏஎம்5, எல்ஜிஏ 1700 இரண்டு சாக்கெட்டிலும் ஊசிகள் பிராசஸரில் அல்ல, போர்டில்தான் இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் மொபைல் டார்ச் அடித்து, ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் பெட்டியான கேபினெட்டை நான்தான் நிறத்தில் மயங்கி முதலிலேயே வாங்கித் தொலைத்துவிட்டேன். என் போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, 24.4 செ.மீ. சதுரம். ரவிக்கைக்கு வெட்டுகிற மாதிரி பழைய பேப்பரில் வெட்டி உள்ளே வைத்துப் பார்த்தேன், பிழைத்தேன். அதைவிடப் பெரிய ஏடிஎக்ஸ் அளவு போர்டு 30.5 செ.மீ. நீளம், அது நுழைந்திருக்காது.

பையனின் பட்டியலை அனுப்பு, போர்டின் முழு மாடல் பெயரோடு. உன் கல்யாண போட்டோவில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்றாயே, அதையும் ஸ்கேன் செய்து அனுப்பு. புதுக் கம்ப்யூட்டரில் முதலில் அதைத்தான் எடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
ராதா